அனஸ் கொடுத்த டப்பா

லப்பைக்குடிக்காட்டில் நைனா முகமதுவைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் அவருடைய பொறாமை.

அடுத்தவன் மாடிமேல் மாடி கட்டினால் வயிறெரிகிற பொறாமை இல்லை அது. கட்டட்டும், பைப்பு நம்ம கடையில்தானே வாங்கியாக வேண்டும் என்று விட்டுவிடுவார். கடைவீதியில் பைப்பு, மோட்டார், வால்வு விற்கிற கடை அவருடையது. அவருடைய பொறாமையெல்லாம் வீட்டுக்குள்ளேயே, பெண்டாட்டி குல்சும் பேரிலேயே செலவாகிவிடும். தெருவில் போகிற ஐஸ்காரனிடம் அவள் ரெண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் ஐஸ் கிடையாது. தையல்காரர் தைத்துக் கொடுத்த ஜாக்கெட் கச்சிதமாக இருந்தால், "அளவு அவனுக்கு எப்டி இவ்வளவு சரியாத் தெரிஞ்சுது?" என்று கேட்பார்.

"அளவு ஜாக்கெட்டு கொடுத்தேங்க."

"அது பழசுல்ல? பழசு அளவ வச்சு புதுசு எப்டி சரியா வரும்?"

குல்சும் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மகன் ஆகிப் கல்யாணம் முடித்து, கத்தாரில் வேலைக்குப் போயாச்சு. மகள் சமீரா பெரம்பலூர் காலேஜுக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். குல்சுமுக்கு முட்டி வலி வந்துவிட்டது. நைனாவுக்குத் தாடி பாதிக்குமேல் வெளுத்துவிட்டது. அவர் பொறாமைக்கு மட்டும் வயசாகவில்லை.

பாதி ஆயுசை அவர் ஷார்ஜாவில் கழித்தவர். கட்டடம் கட்டடமாகப் பைப்பு இழுக்கிற வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஊருக்குப் போன் போடுவார். குல்சும் பேசுவதைவிட அவளுக்குப் பின்னால் கேட்கிற சத்தத்தைத்தான் கவனமாகக் கேட்பார்.

"அது என்னா பெல் சத்தம்?"

"பால்காரர் சைக்கிள்ங்க."

"பால்காரனுக்கு இந்த நேரத்துல என்ன வேல?"

"உங்களுக்குத்தான் அது மத்தியானம். எங்களுக்கு இங்க சாயங்காலப் பால் வர்ற நேரம்."

முதல் லீவில் வந்தபோது அங்கிருந்து ஒரு பிலிம் கேமரா வாங்கி வந்தார். நல்ல கேமரா. குல்சுமை பீரோ பக்கத்தில் நிறுத்தி, முக்காடு சரிசெய்யச் சொல்லி, ஆடாதே அசையாதே என்று அதட்டி ஒரு படம் எடுத்தார். அதில் அவள் ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல நின்றாள். பிரிண்ட் போட்டு சூட்கேஸ் மூடியின் உள்பக்கத் துணிக்கடியில் வைத்துக்கொண்டு ஷார்ஜா போனார். கூட இருந்தவர்கள் எல்லாம் பெண்டாட்டி பிள்ளை படத்தைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருந்தார்கள். இவர் மட்டும் ஒட்டவில்லை. ரூமில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் துணியைத் தூக்கிப் பார்த்துக்கொள்வார். கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

ஒரேயடியாக ஊரோடு வந்து கடை வைத்த பிறகு கேமரா போன் காலம் வந்துவிட்டது. நைனா வீட்டில் ஒரு சட்டம் போட்டார். பெண்பிள்ளைகளைப் போனில் படம் எடுக்கக் கூடாது. போனில் எடுத்தால் ஊர் சுற்றும், ஊர் சுற்றினால் கண்டவன் பார்ப்பான். அந்தச் சட்டம்தான் பிறகு அவர் கழுத்தையே பிடித்தது.

இப்போது அனஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகமது அனஸ், குல்சுமுடைய தாய்மாமன் மகன். அவளைவிட மூணு வயசு மூத்தவன். குல்சுமை அவனுக்குத்தான் கொடுப்பதாகச் சின்ன வயசில் பேச்சு இருந்தது. அவளுக்கு மாப்பிள்ளை முடிவு செய்கிற நேரத்தில் அனஸுக்கு விசா வரவில்லை. நைனாவுக்கு வந்திருந்தது. விசா இருந்தவனுக்குப் பெண் கிடைத்தது. அனஸ் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. நிக்காஹ் அன்றைக்குப் பந்தியில் இலைக்கு இலை ஓடி ஓடிப் பரிமாறினான். பிறகு அவனும் துபாய் போனான், திருச்சியில் பெண் கட்டினான், நாலு பிள்ளை பெற்றான். எல்லாம் ஆயிற்று.

ஆனால் நைனாவுக்கு ஆகவில்லை. குல்சும் அவனை "மச்சான்" என்று கூப்பிடுவாள். முறை அதுதான், வேறெப்படிக் கூப்பிடுவாள்? கட்டின புருசனை "ஏங்க" என்பாள். அவனுக்கு மச்சான், எனக்கு ஏங்க. இந்த ஒரு கணக்கை நைனா இத்தனை வருசமாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார். விடை வந்தபாடில்லை.

இந்தத் தடவை அனஸ் ரெண்டு மாச லீவில் வந்தான். துபாயில் அவன் வேலை பார்க்கிற கடையில் பழைய சரக்கைக் காலி செய்தபோது தூக்கிக் கொடுத்த டப்பா கேமராக்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். கெட்டி அட்டையும் பிளாஸ்டிக்குமாக, சோப்பு டப்பா அளவில் இருந்தது ஒவ்வொன்றும். உள்ளேயே பிலிம் இருக்கும். எடுத்து முடித்தால் டப்பாவை உடைத்துப் பிலிமைக் கழுவக் கொடுத்துவிட வேண்டியதுதான், மறுபடி உதவாது. முறைப்பெண்கள், தங்கச்சிமார் என்று வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தவன், ஒரு சாயங்காலம் மஃரிப் தொழுதுவிட்டு நைனா வீட்டுக்கும் வந்தான்.

"குல்சு, இந்தா ஒனக்கு. இந்தச் சக்கரத்த நிக்கிறவரைக்கும் திருப்பணும், பட்டன அமுக்கணும். அவ்வளவுதான். இருட்டா இருந்தா முன்னாடி இருக்குற பிளாஷ் பட்டன அமுக்கிக்க. செவப்பு லைட்டு எரிஞ்சப்பறம் எடு."

"எடுத்தது எங்க மச்சான் தெரியும்?"

"தெரியாது. கழுவுனாத்தான் தெரியும். அதுவரைக்கும் பொறுமையா இருக்கணும்."

நைனா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ கசந்தது. "போட்டோ கீட்டோல்லாம் நம்ம வூட்ல வேணாம் அனஸ்," என்றார்.

"அண்ணே, உங்க சட்டத்த யோசிச்சுதான் கொண்டாந்தேன். இது வாட்ஸ்அப்புல போவாது, ஸ்டேட்டஸ்ல போவாது. டப்பாவ விட்டு வெளிய வராது. உங்க வூட்டுக்குன்னே செஞ்சாப்ல இருக்கு, பாருங்க!"

சமீரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குல்சும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதுக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாளே என்று நைனாவுக்குத் தோன்றியது. தான் ஷார்ஜாவிலிருந்து மிக்ஸி, அயர்ன்பாக்ஸ், கம்பளி, பெட்டி பெட்டியாகப் பால் பவுடர் கொண்டுவந்தபோது ஒரு தடவையாவது இப்படிப் பார்த்திருப்பாளா? யோசித்துப் பார்த்தார். பார்த்ததாக ஞாபகம் இல்லை.

டப்பாவின் மேல்பக்கத்தில் சின்னக் கண்ணாடி வழியாக ஒரு நம்பர் தெரியும். இன்னும் எத்தனை படம் பாக்கி என்று காட்டுகிற நம்பர். ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று குறையும். சும்மா இருக்கிற மனுசனுக்கு அது ஒரு நம்பர். பொறாமைக்காரனுக்கு அது நெஞ்சில் ஏற்றி வைத்த உலை. எடுத்தாள் என்பது தெரியும். எதை எடுத்தாள் என்பது தெரியாது.

காலையில் கடைக்குக் கிளம்பும்போது பீரோ மேல் இருக்கிற டப்பாவை எட்டி நம்பரைப் பார்ப்பார். வந்ததும் பார்ப்பார். ஒன்று குறைந்திருக்கும். சில நாள் ரெண்டு.

"என்னா எடுத்த?"

"கோழிய எடுத்தேன்."

"கோழிய எதுக்கு?"

"அழவா நின்னுச்சுங்க."

கோழியாம். யாருக்குத் தெரியும்? போனாக இருந்தால் வாங்கித் தள்ளிப் பார்த்துவிடலாம். இதை என்ன செய்வது? டப்பாவைக் காதில் வைத்து ஆட்டிக்கூடப் பார்த்தார் நைனா. உள்ளே ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் அனஸ் தன் வீட்டு மேல்தொட்டிக்கு மோட்டார் போட்டுக்கொண்டிருந்தான். சாமான் வாங்க நைனா கடைக்கு வந்தான்.

"அண்ணே, தொட்டிக்குப் போற பைப்பு கொடுங்க."

"எத்தன இஞ்சி?"

"தெரியலயேண்ணே. சாதாரணமா போடுறது."

"பைப்பு எத்தன இஞ்சின்னு தெரியாம எதுக்குய்யா கடைக்கு வர்றீங்க?" இது நைனா எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான். கடைவீதியில் பிள்ளைகள்கூட அவரைப் போலவே சொல்லிக் காட்டும். அன்றைக்கு அனஸிடம் கொஞ்சம் கூடுதல் காரமாகச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. கீழ்த்தொட்டிக்குள் தண்ணீரில் முங்கிக் கிடக்குமே அந்தப் புட்வால்வு, அதில் மூடி சரியாக உட்காராத ஒன்று ரொம்ப நாளாக மூலையில் கிடந்தது. அதைத் துடைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு தடவை மோட்டார் போடும்போதும் பைப்பில் தண்ணீர் இறங்கிப் போயிருக்கும். வாளியில் மொண்டு ஊற்றினால்தான் மேலே ஏறும். மூணாம் நாள் அனஸ் கடைவாசலில் வந்து நின்று, "அண்ணே, தண்ணி ஏற மாட்டேங்குது," என்றான். "மொண்டு ஊத்து," என்றார் நைனா. அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

பிறகு ஜெயங்கொண்டத்தில் சொந்தத்தில் ஒரு நிக்காஹ் வந்தது. தெருப் பெண்களெல்லாம் சேர்ந்து வேன் பிடித்தார்கள். அன்றைக்குப் பார்த்துக் கடைக்கு லோடு வருகிறது, நைனாவால் கிளம்ப முடியவில்லை. துணைக்கு ஆம்பளை யார் போவது என்ற பேச்சு வந்தபோது அனஸ் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். நைனா பைப்பு லோடை இறக்கிக்கொண்டு நின்றார்.

வேன் பொழுது சாயத்தான் திரும்பி வந்தது. நிக்காஹ் முடிந்து பக்கத்தில்தானே என்று கங்கைகொண்ட சோழபுரம் போய்விட்டு வந்தார்களாம். குல்சும் முகம் கழுவப் போன நேரத்தில் நைனா டப்பாவை எடுத்தார். காலையில் பார்த்தபோது இருபதுக்கு மேல் நின்ற நம்பர் இப்போது பன்னிரண்டில் நின்றது. ஒரே நாளில் இத்தனையா?

சமீராவைக் கூப்பிட்டார். "அங்க என்னம்மா அவ்வளவு எடுத்தீங்க?"

"கோபுரம், நந்தி, புல்லுத்தரை. எல்லாந்தான் அத்தா."

"யாரு எடுத்தது?"

"அம்மாதான். ஒண்ணு மட்டும் அனஸ் மாமா எடுத்தாங்க."

"யார எடுத்தான்?"

சமீரா காலேஜில் படிக்கிற பிள்ளை. கேள்வி எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "அம்மாவ."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நைனாவுக்கு டப்பா டப்பாவாகத் தெரியவில்லை. அதற்குள் குல்சும் நிற்கிறாள். அனஸ் கண்ணால் பார்த்த குல்சும். தன் படத்தில் பீரோ பக்கத்தில் விறைத்து நின்றவள் அவன் எதிரே எப்படி நின்றாள்? அது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் சோறு இறங்கவில்லை. கடையில் ஒருத்தர் கேட் வால்வு கேட்டால் எல்போவை எடுத்துக் கொடுத்தார்.

எஞ்சிய படங்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அதில் ஒரு வேடிக்கை. முன்னே பகலில் குறைந்த நம்பர் இப்போது சாயங்காலம் குறைந்தது. நைனா கடையடைத்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்காரும்போது ஒரு நம்பர் இருக்கும். அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஒன்று குறைந்திருக்கும். வீட்டுக்கு யாரும் வரவுமில்லை, வீட்டைவிட்டு யாரும் போகவுமில்லை. அடுப்படியிலிருந்து அவ்வப்போது கேஸ் லைட்டர் க்ளிக் என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஜன்னல் வழியாக எதையாவது எடுக்கிறாளா என்று எழுந்து போய் ஜன்னலைப் பார்த்தார். எதிரே சுவர்.

கடைசியில் நம்பர் தீர்ந்தது. குல்சும் சோறு போடும்போது மெல்லச் சொன்னாள்.

"ஏங்க, படம் தீந்துபோச்சு. மச்சான் அடுத்த வாரம் சென்னை வழியாத்தான் போறாராம். அவருகிட்ட கொடுத்தா கழுவி, வர்றவங்க யாருகிட்டயாச்சும் கொடுத்துவிடுறேன்னாரு."

"ஏன், எனக்குக் கையில்லையா? பெரம்பலூர்ல கடையில்லையா?"

"பொம்பளைங்க படமா இருக்கு. கண்டவன் பாப்பாம்பீங்களேன்னுதான் சொன்னேன்."

"அவன் பாத்தா பரவால்ல. அப்டித்தானே?"

குல்சும் கரண்டியைச் சட்டியில் போட்டாள். பிறகு பீரோ மேலிருந்து டப்பாவை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. நல்லாப் பாருங்க."

மறுநாளே பெரம்பலூர் போனார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மணிவண்ணன் என்று ஒருத்தர் ஸ்டுடியோ வைத்திருந்தார். டப்பாவை வாங்கிப் பார்த்ததும், "இப்ப காலேஜ் புள்ளைங்கதான் பாய் இத கொண்டாந்து கொடுக்குதுங்க. நீங்களுமா?" என்றார்.

"கழுவுவீங்களா மாட்டீங்களா?"

"நாங்க எங்க கழுவுறது? சென்னைக்கு கூரியர்ல போவும். உங்க வாட்ஸ்அப் நம்பர் கொடுங்க, வந்துரும்."

"வாட்ஸ்அப்பெல்லாம் வேணாம். பேப்பர்ல போடச் சொல்லுங்க. அங்க யாரு கழுவுறது?"

"மெஷினு."

"மெஷின யாரு ஓட்டுறது?"

"ஏன் பாய்?"

"பொம்பளைங்க படம் இருக்கு."

"அவன் மூஞ்சியெல்லாம் பாக்க மாட்டான் பாய். கலரு சரியா இருக்கான்னுதான் பாப்பான்."

"கலரயும் பாக்க வேணாம்னு சொல்லுங்க."

மணிவண்ணன் சரி என்று எழுதிக்கொள்வதுபோலத் தலையாட்டினார்.

படம் வந்துவிட்டது என்று போன் வருவதற்குள் நைனா பாதி இளைத்துவிட்டார். கவரைக் கொடுக்கும்போது மணிவண்ணன் சொன்னார்: "கடைசியில கொஞ்சம் கறுப்பாப் போச்சு பாய், அதெல்லாம் பிரிண்ட் போடல. வூட்டுக்குள்ள வச்சு பிளாஷ் போடாம எடுத்துட்டாங்க. பிலிம் உள்ள இருக்கு, பாத்துக்கங்க."

நைனா அங்கேயே பிரிக்கவில்லை. பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து ஆள் தூங்குகிறானா என்று பார்த்துவிட்டுக் கவரைப் பிரித்தார்.

முதல் படம் கோழி. நிஜமாகவே கோழிதான். ரெண்டாவதும் அதே கோழி. துவைக்கிற கல். கல் மேல் காய்கிற அவருடைய கைலி. சமீரா புத்தகத்தோடு திரும்பி உட்கார்ந்திருக்கிற முதுகு. வெள்ளாற்றில் கொஞ்சமாக ஓடுகிற தண்ணீர், கூடவே குல்சும் விரல் பாதி. பிறகு கோபுரம், சாய்ந்து நின்றது. நந்தியின் கால் பக்கத்தில் அனஸ். தலை பாதிக்குமேல் விழவில்லை. அதில் நைனாவுக்கு ஒரு சின்ன சந்தோசம்.

அதற்கு அடுத்த படத்தில் அந்தச் சந்தோசம் போய்விட்டது.

புல்தரையில் குல்சும். காற்றில் துப்பட்டி ஒரு பக்கமாகப் பறக்கிறது, அதை ஒரு கையால் பிடிக்கிறாள். வாய் திறந்து, கண் இடுங்கி, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறாள். முட்டி வலிக்காரி மாதிரியே இல்லை. அந்தச் சிரிப்பை நைனா இத்தனை வருசத்தில் பார்த்ததே இல்லை. சூட்கேஸ் மூடிக்கடியில் இருந்த படம் அவர் கண்முன் வந்து நின்றது. அதில் இருந்தவள் யார், இதில் இருக்கிறவள் யார்?

ஊருக்குப் பிரிகிற திருமாந்துறையில் இறங்க வேண்டியதை மறந்துவிட்டு டோல்கேட் தாண்டிப் போய் இறங்கி, வெயிலில் நடந்து திரும்பினார்.

குல்சும் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நைனா அந்த ஒரு படத்தை மட்டும் அவள் முன்னால் நீட்டினார்.

"இது என்னா சிரிப்பு?"

அவள் கையில் செதிலோடு எட்டிப் பார்த்தாள். "அட, நல்லா விழுந்திருக்கே!"

"என்னா சிரிப்புன்னு கேட்டேன். நான் எடுத்தா வராத சிரிப்பு, அவன் எடுத்தா எப்டி வரும்?"

குல்சும் அடுத்த மீனை எடுத்தாள். அடுப்படியிலிருந்து சமீராதான் சொன்னாள்.

"அத்தா, நான் சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது. அம்மா விறைப்பாவே நின்னாங்க. அனஸ் மாமா கேமராவத் தூக்கிக்கிட்டு, 'பைப்பு எத்தன இஞ்சின்னு தெரியாம எதுக்குய்யா கடைக்கு வர்றீங்க'ன்னு அப்டியே உங்கள மாதிரி சொன்னாங்க. வேன்ல வந்த எல்லாருமே சிரிச்சிட்டாங்க."

நைனாவுக்கு எந்தப் பக்கம் கோபப்படுவது என்று தெரியவில்லை. பெண்டாட்டி அவனுக்காகச் சிரிக்கவில்லை. தன்னை வைத்துச் சிரித்திருக்கிறாள். இது நல்லதா, கெட்டதா?

"என்னைய வச்சு ஊரே சிரிக்குதா? சரி, சிரிங்க." கவரை உதறினார். கோழி, துவைக்கிற கல், கோபுரம் எல்லாம் தரையில் விழுந்தன. "கோழிக்கு ரெண்டு படம். அவனுக்கு ஒண்ணு. ஆத்துத் தண்ணிக்கு ஒண்ணு. ஒரே வூட்ல ஒரே பானைச் சோறு திங்கிறேன், என்னைய ஒண்ணுல எடுக்கத் தோணலல்ல ஒனக்கு?"

பொறாமைக்காரன் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். கோழி மேல்கூட அவருக்குப் பொறாமை.

குல்சும் கையைக் கழுவினாள். தரையில் கிடந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"மிச்சம் எங்கங்க?"

"மிச்சமெல்லாம் கறுப்பு. பிளாஷ் போடாம எடுத்தியாம். ஒண்ணும் விழலயாம்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மீன் ஆய்வதையும் மறந்துவிட்டாள்.

"அதெல்லாம் நீங்கதான்," என்றாள்.

நைனா கையிலிருந்த கவரைப் பார்த்தார்.

"நீங்க விடிஞ்சா கடைக்குப் போறீங்க. மத்தியானச் சோத்தக் கடைக்குக் கொண்டாரச் சொல்றீங்க. வூட்ல உங்க மொகத்தப் பாக்குறதே வெளக்கு வச்சப்பறம்தான். சாப்புடும்போது அடுப்படி நெலைலேந்து எடுத்தேன். ஒரு நாளு டிவி பாத்துக்கிட்டே வாயப் பொளந்தீங்க, அத எடுத்தேன். பேரப்புள்ள பொறக்கப்போவுதுன்னு ஆகிப் போன்ல சொன்னப்ப கண்ணத் தொடச்சீங்கள்ல, அத எடுத்தேன்."

"பிளாஷ அமுக்கியிருந்தா விழுந்திருக்குமே? அவன்தான் சொல்லிக் கொடுத்தானே?"

"அமுக்குனா பளிச்சின்னு அடிக்கும். நீங்க திரும்பிப் பாத்து, இத எதுக்கு எடுக்குற, யாருகிட்ட காட்டன்னு கத்துவீங்க. எதுக்கு வம்புன்னு அமுக்காமயே எடுத்தேன்."

கேஸ் லைட்டர் சத்தம் நைனாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எத்தனை சாயங்காலம் கேட்டிருக்கிறார்! ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"கறுப்புல நான்தான் இருக்கேன்னு நான் எப்டி நம்புறது?"

குல்சும் எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

"அத்தன வருசம் ஷார்ஜாவுலேந்து நான் நல்லாருக்கேன், நான் ஒழுங்காருக்கேன்னு போன்ல சொல்வீங்க. நான் உங்க பின்னாடி என்ன சத்தம் கேக்குதுன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கேனா? எனக்கு மட்டும் அங்க வெளிச்சமாவா தெரிஞ்சுது?"

அவள் மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நைனா கவருக்குள் இருந்த பிலிமை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். கோழி இருந்தது, கோபுரம் இருந்தது. பேப்பரில் கறுப்பாக விழுகிற கடைசி வரிசை பிலிமில் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. ஒவ்வொன்றிலும் மேல் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு கோடு. வீட்டு டியூப்லைட்டா, பிலிமில் விழுந்த கீறலா? கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். தெரியவில்லை. வேறு யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது. குல்சும் சொன்னதுதான் சாட்சி. நம்பினால் அதில் அவர் இருக்கிறார். நம்பாவிட்டால் எதிலுமே இல்லை.

மறுநாள் கடையை லேட்டாகத் திறந்தார். புது புட்வால்வு ஒன்றை எடுத்துக்கொண்டு அனஸ் வீட்டுக்குப் போயிருந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் அவரே இறங்கினார். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். மோட்டார் போட்டதும் தண்ணீர் மேலே கொட்டுகிற சத்தம் கேட்டது.

"கம்பெனிக்காரன் மட்டமான வால்வ அனுப்பிட்டான்," என்றார் நைனா, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"ஆமாண்ணே. கம்பெனிக்காரனுங்கள நம்பவே முடியாது," என்றான் அனஸ். சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு நைனாவுக்குத் தெரிந்தது. போகப்போகிற நேரத்தில் இவனோடு என்ன சண்டை என்று விட்டுவிட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "அந்த டப்பா மிச்சம் ஏதாச்சும் கெடக்கா?" என்று கேட்டார். அனஸிடம் அவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணே ஒண்ணு இருக்குண்ணே. பொண்டாட்டிக்குன்னு வச்சிருந்தேன். பரவால்ல, எடுத்துக்கங்க."

அன்று மத்தியானச் சோற்றைக் கடைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று போன் செய்துவிட்டு நைனா வீட்டுக்குப் போனார். சட்டை மாற்றினார். தாடியைச் சீவினார். வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து நாற்காலியைக் கொல்லை வாசலில் போட்டு உட்கார்ந்தார். குல்சும் கையில் டப்பாவைக் கொடுத்தார்.

"பிளாஷயும் அமுக்கிக்க. கத்த மாட்டேன்."

குல்சும் சக்கரத்தைத் திருப்பினாள். பட்டனை அமுக்கிச் சிவப்பு லைட்டு எரிகிறவரை காத்திருந்தாள். நைனா ரெண்டு கையையும் முட்டிமேல் வைத்து, பாஸ்போர்ட்டுக்கு எடுப்பதுபோல விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் சிரிங்களேன்."

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இதுக்குப் பேரு சிரிப்பா?" குல்சும் டப்பாவைக் கண்ணுக்கு நேரே தூக்கினாள். டப்பாவுக்குப் பின்னாலிருந்து அவர் குரலிலேயே கட்டையாகக் கேட்டது: "பைப்பு எத்தன இஞ்சின்னு தெரியாம எதுக்குய்யா..."

"ஏய்! அவன் சொன்னத சொல்லாத," என்றார் நைனா. "வேற ஏதாச்சும் நீயா சொல்லு."